நாய் குரைப்பதாகப் பக்கத்து வீட்டார் புகார் சொன்னால்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

அடுக்குமாடிக் குடியிருப்பிலும், சுவரோடு சுவர் ஒட்டிய தனி வீடுகளிலும் நாய் வளர்ப்பவர்களுக்கான வழிகாட்டி இது. புகார் வந்ததும் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, வாசலிலேயே சட்டம் பேசுகிறார்கள். இல்லையென்றால் அன்று மாலையே குரைப்பை நிறுத்தும் காலர் ஒன்றை வாங்கி நாயின் கழுத்தில் மாட்டிவிடுகிறார்கள். இரண்டுமே நிலைமையை மோசமாக்கும். காரணம் தெரியாமல் குரைப்பைக் குறைக்க முடியாது. பக்கத்து வீட்டார் முறுக்கிக்கொண்ட பிறகு குரைப்பு பாதியாகக் குறைந்தாலும் மிச்சமுள்ள பாதிதான் அவர் காதில் விழும்.

முதலில் அவர் சொல்வதைக் கேட்பது, பிறகு ஒரு வாரம் பதிவு செய்வது, காரணத்தைக் கண்டுபிடிப்பது, வீட்டை மாற்றுவது, நாயைப் பழக்குவது, போய்ச் சொல்லிவிட்டு வருவது. இந்த வரிசையில் போங்கள். ஆறு வாரமாவது ஒதுக்குங்கள். சட்டத்துக்குக் கடைசி இடம்தான்.

1. கையில் இருக்க வேண்டியவை

சும்மா கிடக்கும் பழைய ஸ்மார்ட்போன் ஒன்று, சார்ஜர், ஒரு நோட்டு. நீங்கள் இல்லாதபோது நாய் என்ன செய்கிறது என்பது தெரியாமல் ஒரு அடிகூட நகர முடியாது.

பழக்குவதற்கு டிரீட் வேண்டும். உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழியோ பனீரோ போதும். கொண்டைக்கடலை அளவில் நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய துண்டாகக் கொடுத்தால் மென்று முடிப்பதற்குள் எதற்காகக் கொடுத்தீர்கள் என்பது நாய்க்கு மறந்துபோகும். ஒரு நாளைய டிரீட் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அந்த அளவைச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே உணவு அடைக்கக்கூடிய கெட்டி ரப்பர் பொம்மை இரண்டு, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் மங்கல் ஷீட், கதவின் அடி இடைவெளியை மூடும் ரப்பர் பட்டை ஆகியவையும் தேவைப்படும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும், உள்ளாட்சி அமைப்பிடம் பெற்ற வளர்ப்புப் பிராணி உரிமமும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். சென்னையில் மாநகராட்சி உரிமம் கட்டாயம். புகார் மேலே போனால் உங்களிடம் முதலில் கேட்கப்படுவது இந்த இரண்டு தாள்கள்தான்.

2. புகார் வந்த அன்றே நேரில் போங்கள்

புகார் பெரும்பாலும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வரும். அங்கே பதில் எழுதாதீர்கள். நாற்பது வீட்டுக்காரர்கள் பார்க்கும் இடத்தில் யாரும் இறங்கி வர மாட்டார்கள், பேச்சு வளரும். "பார்த்துவிட்டேன், மாலையில் நேரில் வந்து பேசுகிறேன்" என்று ஒரே வரி போட்டுவிட்டு, மாலையில் போங்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

போனதும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எந்த நேரத்தில் அதிகம்? எவ்வளவு நேரம் விடாமல் குரைக்கிறது? அவர்கள் வீட்டில் எந்த அறையில் கேட்கிறது? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. சத்தம் உங்கள் பால்கனி வழியாகப் போகிறதா, மாடிப்படி வழியாகப் போகிறதா என்பது அதில்தான் தெரியும். அந்த நேரத்தில் அங்கே யார் தூங்குகிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குபவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் பகல் பதினோரு மணி என்பது நள்ளிரவு மாதிரி.

பேச்சு இப்படி இருக்கலாம்: "சார், நீங்க நேரா சொன்னது நல்லதாப் போச்சு. நாங்க ஒன்பது மணிக்குக் கிளம்பிடறோம், அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு எங்களுக்குத் தெரியல. எந்த டைம்ல ஜாஸ்தின்னு சொன்னீங்கன்னா ஒரு வாரம் ரெக்கார்ட் பண்ணிப் பாக்கறோம். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து என்ன பண்ணப்போறோம்னு சொல்றேன்."

இதில் வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான், மறுபடி வரும் தேதி. "இனிமே குரைக்காது" என்று சொல்லிவிடாதீர்கள். மறுநாள் காலையே அது பொய்யாகிவிடும்.

"நாய்னா குரைக்கத்தான் செய்யும்", "உங்க வீட்டு டிவி சத்தத்துக்கு நாங்க என்னிக்காவது வந்தோமா", "எங்க நாய் குரைக்கவே குரைக்காதே" என்ற மூன்றையும் வாயில் வரவிடாதீர்கள். மூன்றாவதை மனதார நம்பியே பலர் சொல்கிறார்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது குரைக்காத நாய், நீங்கள் வெளியே போன ஐந்தாவது நிமிடம் ஊளையிடத் தொடங்கலாம். பக்கத்து வீட்டார் கேட்பது உண்மை, நீங்கள் கேட்காததும் உண்மை.

3. ஏழு நாள் பதிவு

பழைய போனைச் சார்ஜில் போட்டு, வாசல் கதவும் நாய் வழக்கமாகப் படுக்கும் இடமும் தெரியும்படி அலமாரி மேல் வையுங்கள். போனைக் கேமராவாக மாற்றும் இலவச ஆப்கள் உண்டு. இல்லையென்றால் வெறும் ஆடியோ பதிவே பாதி வேலையைச் செய்துவிடும். வீடியோ எடுத்தால் தரத்தைக் குறைத்து வையுங்கள். முழுத் தரத்தில் ஓடவிட்டால் மதியத்துக்குள் போன் நிரம்பி, வேண்டிய நேரம் பதிவாகாது.

நோட்டில் நான்கு கட்டம்: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அதற்குச் சற்றுமுன் என்ன சத்தம் அல்லது அசைவு, நாய் நின்ற இடம். உதாரணமாக:

காலை 9.06 – 9.38. கிரில் கேட் பூட்டும் சத்தம், லிஃப்ட் கதவு. வாசல் கதவருகே.
காலை 11.20 – 11.24. கூரியர் ஆள், பெல். ஹால் ஜன்னல்.
மாலை 4.50 – 5.05. கீழே பிள்ளைகள் பந்தாட்டம். பால்கனி.

இப்படி ஒரு வாரம் எழுதினாலே "நாள் பூராவும் குரைக்குது" என்ற புகார் எந்தெந்த அரை மணி நேரங்களாகப் பிரிகிறது என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு நாள் மாடிப்படியிலும் நின்று கேளுங்கள். உள்ளே லேசாகத் தெரியும் சத்தம், நாலு பக்கமும் சிமெண்டுச் சுவர் உள்ள படிக்கட்டில் எதிரொலித்துப் பெரிதாகிவிடும்.

பதிவு செய்யும் வாரத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். இதற்கு ஒரே விலக்கு இரவு. நாய் இரவில் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வாசலிலோ இருந்தால் இன்று இரவே உள்ளே கொண்டுவாருங்கள். தூக்கம் கெட்டவரை ஒரு வாரம் பொறுத்திருக்கச் சொல்ல முடியாது.

போனில் சத்தத்தை அளக்கும் டெசிபெல் ஆப்களை ஆதாரமாக நம்பாதீர்கள், அவை அளவுதிருத்தம் செய்யப்பட்டவை அல்ல. ஜன்னல் திறந்திருந்தபோதும் மூடியபோதும் என்ன வித்தியாசம் என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படும்.

வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால், முதலில் வாயைத் திறப்பது எது என்று குறித்துவையுங்கள். இரண்டாவது பெரும்பாலும் பின்பாட்டுதான். முதல் நாயைச் சரிசெய்தால் இரண்டாவதும் அடங்கும்.

4. பதிவிலிருந்து காரணத்தைப் பிரித்தெடுங்கள்

மொத்த வேலையும் இங்கேதான் நிற்கிறது. காவலுக்குக் குரைக்கும் நாய்க்கும் தனிமையில் பயந்து குரைக்கும் நாய்க்கும் வைத்தியம் வேறு வேறு.

காவல் குரைப்பு தடித்த குரலில் வேகமாக வரும். காரணம் எப்போதும் வெளியே இருக்கும்: பெல், செருப்புச் சத்தம், பூக்காரம்மா குரல், குப்பை வண்டிப் பாட்டு. ஆள் நகர்ந்ததும் நின்றுவிடும். நாயின் கணக்கில் அது ஜெயித்துவிட்டது: "நான் குரைத்தேன், அவன் போய்விட்டான்." கூரியர்காரர் எப்படியும் போகத்தான் போகிறார் என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பழக்கம் தானாகக் குறைவதில்லை, நாளுக்கு நாள் கெட்டிப்படுகிறது. ராஜபாளையம் போன்ற காவல் இனங்களிலும், சின்ன உடம்பு ஸ்பிட்ஸ் வகைகளிலும் இது கூடுதலாக இருக்கும்.

தனிமைக் குரைப்பு நீங்கள் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள், பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே தொடங்கும். குரல் மெலிந்து உச்சத்தில் இருக்கும், இடையிடையே ஊளை வரும். கதவின் அடியில் நகக் கீறல், தரையில் எச்சில் ஈரம், பழக்கப்பட்ட நாயே வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது எல்லாம் கூடவே இருக்கும். எளிய சோதனை ஒன்று உண்டு. கிளம்பும்போது அதற்கு மிகவும் பிடித்த தீனியை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது வைத்த இடத்திலேயே தொடாமல் கிடந்து, உங்களைப் பார்த்த பிறகு பாய்ந்து தின்றால், அது பதற்றம். பதறும் நாய்க்குச் சாப்பாடு இறங்காது.

சலிப்புக் குரைப்பு தீனியை முதலில் தின்றுவிட்டு, தூங்கி எழுந்த பிறகு, பதினொன்று பன்னிரண்டு மணிக்குமேல் ஒரே தாளத்தில் வரும். நடுவில் செருப்பு, மேட் கடிபடும்.

கவனம் கேட்டுக் குரைப்பது நீங்கள் இருக்கும்போதுதான் நடக்கும். நீங்கள் போன் பேசும்போது, சாப்பிடும்போது உங்கள் முகத்தைப் பார்த்துக் குரைத்துவிட்டு, நிறுத்தி, பலன் கிடைக்கிறதா என்று பார்க்கும்.

இரவுக் குரைப்பு தெரு நாய்களுக்குப் பதிலாக இருக்கலாம். ஆனால் வயதான நாய் திடீரென இரவில் எழுந்து, அறைக்குள் சுற்றி, சுவரைப் பார்த்துக் குரைக்கிறது என்றால் அதைப் பழக்கவழக்கக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூட்டு வலி, காது புண், பார்வை மங்குவது, மூளை முதுமை எல்லாம் இப்படி வெளிப்படும். எந்த வயதிலும் திடீரென முளைத்த குரைப்புக்கு முதல் இடம் கால்நடை மருத்துவர்தான். வலியில் இருக்கும் நாயைப் பழக்க முடியாது, பழக்க முயல்வது அதற்குச் செய்யும் கொடுமை.

ஒரே நாயிடம் இரண்டு காரணங்கள் இருக்கலாம். எது அதிக நிமிடம் எடுக்கிறதோ, எது இரவில் வருகிறதோ, அதை முதலில் எடுங்கள்.

5. வீட்டை மாற்றுங்கள், பலன் அந்த வாரமே தெரியும்

பழக்குவதற்கு வாரக்கணக்கில் ஆகும். பக்கத்து வீட்டாருக்கு இந்த வாரமே வித்தியாசம் தெரிய வேண்டும். அதற்குச் சூழலை மாற்றுவதுதான் குறுக்கு வழி.

பார்வையை மறையுங்கள். ஜன்னல் கண்ணாடியில் நாயின் கண் மட்டத்துக்கு மேல் ஒரு அடி வரை மங்கல் ஷீட் ஒட்டுங்கள். திரைச்சீலை போதாது, மூக்கால் தள்ளிவிடும். நீங்கள் இல்லாத நேரத்தில் பால்கனிக் கதவு மூடியிருக்க வேண்டும். வாசல் பக்க அறைக்குப் பதில் உள்ளறையில் படுக்கை போட்டு, மின்விசிறியை ஓடவிடுங்கள். அந்த இரைச்சல் படிக்கட்டுச் சத்தத்தை மூடிவிடும்.

பெல்லைக் குறையுங்கள். டெலிவரி ஆப்களில் "பெல் அடிக்க வேண்டாம், போன் செய்யவும்" என்று குறிப்புப் போடுங்கள். பார்சலை வாட்ச்மேனிடம் விடச் சொல்லலாம். வாசலில் பை மாட்டிவைத்தால் பால் பாக்கெட்டுக்கும் பேப்பருக்கும் பெல் வேண்டியதில்லை.

கதவின் அடி இடைவெளியை அடையுங்கள். சத்தம் காற்றோடு போகும். கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி இருந்தால் சுவரில் எதை ஒட்டினாலும் பயன் குறைவு. முட்டை அட்டை, மெல்லிய ஃபோம் ஷீட் எல்லாம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளியே போகும் சத்தத்தைத் தடுக்காது. அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

காலை நடையை முன்னால் தள்ளுங்கள். நீங்கள் கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது முப்பது நாற்பது நிமிட நடை முடிந்திருக்க வேண்டும். இழுத்துக்கொண்டு ஓடாமல் மோப்பம் பிடிக்க விடுங்கள். மூக்கு வேலை செய்தால் நாய் சீக்கிரம் களைத்துத் தூங்கும். நம் ஊர் வெயிலில் காலை ஏழு மணிக்குள்ளும், மாலை தார்ச்சாலை ஆறிய பிறகும்தான் நடை. புறங்கையைச் சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது.

கிளம்பும்போது வேலை கொடுத்துவிட்டுப் போங்கள். ரப்பர் பொம்மைக்குள் உப்பில்லாத தயிர்சாதமும் கோழித் துணுக்கும் அடைத்து இரவே ஃப்ரீசரில் வைத்தால், நக்கித் தின்று முடிக்க நேரம் எடுக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் கலந்த எதுவும் உள்ளே போகக் கூடாது, எல்லாம் நாய்க்கு விஷம்.

சங்கிலியைக் கழற்றுங்கள். நாள் முழுக்கக் கட்டிப்போட்ட நாய் அதிகம் குரைக்கும். போய்ப் பார்க்கவும் முடியாது, விலகவும் முடியாது, மிச்சம் இருப்பது வாய் மட்டும்தான். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே வைக்கும் நாய்க்கு நடமாட்டம் தராமலிருப்பதையும் கொடுமையாகவே சொல்கிறது.

6. காவல் குரைப்பு: "போதும்" என்ற சொல்லைப் பழக்குவது

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். அப்பா "டேய்", பிள்ளை "நோ", பாட்டி "சும்மா இரு" என்றால் நாய்க்கு எதுவும் பதியாது. கத்தவும் கூடாது. கத்தினால் நீங்களும் சேர்ந்து குரைப்பதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும்.

நாய் இரண்டு மூன்று தடவை குரைத்ததும், சாதாரணக் குரலில் "போதும்" என்று ஒரே முறை சொல்லி, டிரீட்டை மூக்கருகே கொண்டுபோங்கள். மோந்து பார்க்க வாயை மூடும். மனதில் இரண்டு எண்ணி, கொடுங்கள். அடுத்தடுத்த நாட்களில் மூன்று, ஐந்து, பத்து விநாடி என்று நீட்டுங்கள். பிறகு கையில் டிரீட் இல்லாமல் சொல்லி, அமைதியான பின் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. குரைத்து, நிறுத்தி, டிரீட் வாங்கும் வித்தையைச் சில நாய்கள் கற்றுக்கொள்ளும். பெல் அடித்தும் குரைக்காத நேரத்தில் டிரீட்டை இரண்டு மடங்காகக் கொடுப்பதுதான் அதற்கு மாற்று.

பெல்லைத் தனியாகப் பழக்குங்கள். உங்கள் வீட்டு பெல்லையே போனில் பதிவு செய்து, நாய் காதை மட்டும் அசைக்கும் அளவு மெதுவாக ஒலிக்கவிடுங்கள். ஒலித்ததும் அதன் பாயில் டிரீட் போடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு இரண்டு தடவை. குரைத்தால் ஒலியை அவசரப்பட்டுக் கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு படி குறையுங்கள். சில வாரங்களில் பெல் அடித்ததும் நாய் வாசலுக்கு ஓடாமல் பாய்க்கு ஓடும்.

7. கவனம் கேட்கும் குரைப்பு

குரைக்கும்போது பார்க்காதீர்கள், பேசாதீர்கள், தள்ளிவிடாதீர்கள். திட்டுவதும் கவனம்தான். அமைதியானதும் உடனே கூப்பிட்டுக் கொஞ்சுங்கள்.

ஆனால் தொடங்கிய முதல் சில நாட்களில் குரைப்பு குறையாது, கூடும். இதுவரை பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று நாய் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். அந்த நேரத்தில் மனம் இளகிப் பிஸ்கட் கொடுத்தால், இன்னும் பலமாகக் குரைத்தால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். எனவே பகலில் மட்டும் தொடங்குங்கள், தொடங்கும் முன்பே பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்: "இந்த வாரம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும், பழக்கிக்கிட்டிருக்கோம்." முன்கூட்டிச் சொன்ன சத்தத்தை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

8. தனிமைக் குரைப்பு: அவசரப்பட்டால் கெடும்

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். நாய் அடம் பிடிக்கவில்லை, நிஜமாகவே பயந்துகொண்டிருக்கிறது. அதனால் தண்டனை இதில் எங்கேயும் வராது.

முதலில் கிளம்பும் அறிகுறிகளை மழுங்கடியுங்கள். சாவியை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்காருங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு அடுக்களைக்குப் போய் வாருங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை, பல நாட்கள். சாவிச் சத்தத்துக்கு நாய் தலையைத் தூக்காத நிலை வந்த பிறகுதான் கதவுக்குப் போகலாம்.

நம் வீடுகளில் கதவு ஒன்றல்ல. மரக்கதவு, அதற்கு வெளியே கிரில் கேட், தாழ்ப்பாள், பூட்டு, பிறகு லிஃப்ட். ஒவ்வொன்றும் நாய்க்குத் தனி எச்சரிக்கை மணி. மரக்கதவை மட்டும் பழக்கிவிட்டு, கிரில் கேட்டை வழக்கம்போல் "டங்" என்று சாத்தினால் முழு உழைப்பும் வீண். ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகப் பழக்குங்கள்.

வெளியே போய் இரண்டு விநாடியில் திரும்புங்கள். பிறகு ஐந்து, பத்து, நான்கு, இருபது, எட்டு, நாற்பது. எப்போதும் ஏறுவரிசையில் போகாதீர்கள், நடுவில் குறைந்த நேரமும் வரட்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் கூடுதல் கஷ்டம் வரும் என்று நாய் கணித்துவிடும். குரைக்கத் தொடங்கும் முன்பே திரும்ப வேண்டும், அதற்குப் போன் கேமராவைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அரை மணி நேரத்தைப் பதறாமல் கடந்துவிட்டால் அதன் பின் பத்து, பதினைந்து நிமிடமாகத் தாவலாம்.

இது நடக்கும் வாரங்களில் நாய் தாங்கும் நேரத்துக்கு மேல் அதைத் தனியே விடவே கூடாது. ஒரு நாள் முழுப் பதற்றம் போன வாரப் பழக்கத்தை அழித்துவிடும். வீட்டில் முறை வைத்து ஒருவர் இருப்பது, அம்மா வீட்டில் விடுவது, பகல்நேரக் காப்பகம் என ஏதாவது ஒரு ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டுத் தொடங்குங்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் தொடங்குபவர்கள்தான் இரண்டாவது வாரத்தில் கைவிடுகிறார்கள். பதற்றம் கடுமையாக இருந்தால் கால்நடை மருத்துவர் ஃப்ளூவாக்சிடின் போன்ற மருந்து எழுதுவார். அது வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும், பழக்குவதும் கூடவே நடக்க வேண்டும். நீங்களாக எதையும் கொடுக்காதீர்கள்.

9. தொடவே கூடாதவை

மின்னதிர்ச்சிக் காலர்: கூரியர்காரரைப் பார்த்ததும் கழுத்தில் வலி வந்தால், நாய் வலியைக் கூரியர்காரரோடு முடிச்சுப் போடும். குரைப்பு நின்று கடி தொடங்கலாம். சில காலர்கள் இரண்டாவது நாயின் குரலுக்கும் அடிக்கும்.

வாய்மூடி: நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. வாயை இறுக்கக் கட்டிவிட்டு வேலைக்குப் போனால் நம் கோடையில் அது உயிரையே எடுக்கும்.

மனிதர்களின் தூக்க மாத்திரை, இருமல் மருந்து கொடுப்பது, அடிப்பது, துணைக்கு என்று இன்னொரு நாய் வாங்குவது ஆகியவையும் இதே கணக்குதான். தனிமைப் பதற்றம் உங்களைப் பிரிந்ததால் வருவது, இன்னொரு நாய் அதைத் தீர்ப்பது அபூர்வம். குரைக்கும் நாய்கள் இரண்டாகிவிடும்.

10. சொன்ன ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போங்கள்

முன்னேற்றம் இல்லாவிட்டாலும் போக வேண்டும். நோட்டைக் காட்டுங்கள்: "ஒன்பதிலிருந்து ஒன்பதே முக்கால், அப்புறம் சாயங்காலம் அஞ்சு மணி. நீங்க சொன்னதும் இதுதானே?" அவர் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள் என்பது அந்த நோட்டில் தெரியும். இனி என்ன மாற்றப்போகிறீர்கள் என்று சொல்லி, உங்கள் எண்ணைக் கொடுத்து, அடுத்த முறை சத்தம் வந்தால் குரூப்பில் போடாமல் உங்களுக்கு நேரத்தை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். அந்தச் செய்திகள் உங்கள் நோட்டில் விட்டுப்போனதை நிரப்பும். ஒவ்வொரு செய்திக்கும் அன்றே பதில் போடுங்கள்.

சிலருக்குச் சத்தத்தைவிட நாய்ப் பயம்தான் உண்மையான குறை. லிஃப்டில் நாயைப் பார்த்து ஒதுங்குகிறார்களா என்று கவனியுங்கள். அப்படியென்றால் பெல்ட்டைக் குட்டையாகப் பிடிப்பதும், அவர்கள் இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பதும் குரைப்புப் புகாரையும் சேர்த்தே குறைக்கும்.

11. அசோசியேஷனுக்கோ போலீசுக்கோ போனால்

எழுத்தில் வந்த புகாருக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். புகார் வந்த தேதி, பதிவின் சுருக்கம், செய்த மாற்றங்கள், நடக்கும் பயிற்சி, தடுப்பூசி மற்றும் உரிம நகல் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம்.

தெரிந்திருக்க வேண்டிய விதிகள் சில. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பொதுக்குழுவில் பெரும்பான்மை இருந்தாலும் குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது. லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்றோ அதற்குத் தனிக் கட்டணம் என்றோ சொல்ல முடியாது. குரைப்பது நாயின் இயல்பு என்று சொல்லும் அதே வழிகாட்டுதல், இடைவிடாத குரைப்பு மற்றவர்களுக்குத் தொந்தரவு என்பதால் குறிப்பாக இரவில் நாயை அமைதியாக வைக்க எல்லா முயற்சியும் எடுக்கும்படி வளர்ப்பவரையும் கேட்டுக்கொள்கிறது. முதல் பாதியை மட்டும் படித்துக் காட்டுபவர்களுக்குக் கூட்டத்தில் மரியாதை போய்விடும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல் என்று வரையறுக்கின்றன. இவை அந்தப் பகுதியின் மொத்த ஒலிச்சூழலுக்கான அளவுகள். பெரிய நாயின் குரல் அருகில் 90 டெசிபெலைத் தாண்டும் என்பதால், இரவு நேரத்தில் உங்கள் பக்கம் வாதம் பலவீனம்தான். இரவைச் சுத்தமாக வைத்திருங்கள், பகலைப் பேசிக்கொள்ளலாம்.

பொதுத் தொல்லை என்று போலீசில் புகார் வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆவது பிரிவில் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். யாராவது நாய்க்கு விஷம் வைப்பேன் என்று மிரட்டினால், அதே சட்டத்தின் 325ஆவது பிரிவு விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. மிரட்டல் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள், நாயைத் தனியாகக் கீழே விடாதீர்கள்.

12. தெரு நாயும் பண்டிகையும்

உங்கள் கேட் முன்னால் தெரு நாய்களுக்குச் சாப்பாடு வைத்தால், அவை அங்கேயே காவல் இருந்து இரவெல்லாம் குரைக்கும். உங்கள் நாயும் பதில் கொடுக்கும். உணவிடும் இடத்தை வீடுகளிலிருந்து தள்ளி ஒதுக்கி, இரவுக்குப் பதில் மாலை இருட்டும் முன் வையுங்கள். கருத்தடை ஆகாதவற்றுக்கு மாநகராட்சியிடம் சொல்லலாம், சென்னையில் போன் எண் 1913.

தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அனுமதிக்கப்பட்ட நேரம் காலை 6–7, இரவு 7–8 என்றாலும் வெடிச்சத்தம் நாள் முழுக்க இருக்கும். ஜன்னல்களை மூடி, உள்ளறையில் கூடவே உட்காருங்கள். அன்று பழக்கும் வேலை எதுவும் வேண்டாம். வருடா வருடம் நடுங்கும் நாயை இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

13. ஆறாவது வாரத்தில் மறுபடி ஏழு நாள் பதிவு

அதே இடத்தில் போனை வைத்து, அதே நான்கு கட்டங்களை நிரப்பி, முதல் வாரத்தின் மொத்த நிமிடங்களோடு ஒப்பிடுங்கள். கணிசமாகக் குறைந்திருந்தால் சரியான காரணத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். டிரீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டுக் கொடுக்கத் தொடங்குங்கள், ஜன்னல் ஷீட்டையும் பெல் ஏற்பாட்டையும் மட்டும் எடுக்காதீர்கள். குறையவே இல்லையென்றால் 4ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். சலிப்பு என்று நினைத்தது பெரும்பாலும் தனிமைப் பதற்றமாக இருக்கும். அப்போது இரண்டு வாரப் பதிவுகளையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். அவர் முன்னால் நாய் அமைதியாகத்தான் உட்கார்ந்திருக்கும், அந்த நோட்டை வைத்துத்தான் அவர் மருந்தும் வழியும் சொல்ல முடியும்.